சேம அச்சு

நுழையும்முன்

விரைவு இளமைக்கு இயல்பான வேட்கை. அது பொதுச்சாலையில் இறங்கும்போது உயிரைக் கேட்கிறது. பந்தயத்தடத்திற்குள் நுழையும்போது பெரும்பணம் கேட்கிறது. இவற்றுக்கு இடையே மூன்றாவது வழியொன்று உண்டு. விலை மலிந்த பழைய மகிழுந்து ஒன்றைக் குடும்பமாகக் கூடிச் செப்பனிட்டு, நாள் முழுதும் நில்லாமல் ஓடச்செய்யும் பந்தயமே அது. உப்பு வண்டிகளைச் சுற்றத்தோடு ஓட்டிச்சென்ற உமணரின் வாழ்வை நினைவிற்கொண்டு அவ்வழியை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஒரு சாலை, இரு கூட்டம்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை மரக்காணத்தை நெருங்கும்போது நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. சவுக்குத் தோப்புகளும் பனைவரிசைகளும் விலகிக்கொள்ள, வானத்தைத் துண்டுதுண்டாக வெட்டித் தரையில் பதித்தாற்போல் உவர்நீர்ப் பாத்திகள் விரிகின்றன. கழுவெளி என்னும் பரந்த நீர்நிலையும், வங்கக் கடலும், ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே இறங்கிவரும் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் அருகருகே அமைந்த இடம் அது. இங்கு உப்பு விளைவிப்போர் ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளின் தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்துவர். பின்னர் உவர்நீரைப் பாய்ச்சி, பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் சுண்டவிடுவர். உப்பு படிந்ததும் நீண்ட காம்பு பொருத்திய மரப்பலகையால் வாரி வரப்போரம் சேர்ப்பர். ஈரம் வடிந்த உப்பைப் பெண்கள் கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கொண்டுசென்று மேட்டில் குவிப்பர். கணவன் வார, மனைவி சுமக்கும் குடும்ப உழைப்பு இது. வெயில் ஏறிவிட்டால் வெண்ணிலம் கண்ணைக் கூசச்செய்யும் என்பதால் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும்.

விடுமுறை நாள்களில் அதே வைகறைப் பொழுதில், அதே சாலையில் மற்றொரு கூட்டமும் வருவதுண்டு. நகரத்திலிருந்து புறப்பட்டு வரும் இளைஞர் கூட்டம் அது. சாலை நேராகவும் அகலமாகவும் வெறிச்சோடியும் கிடக்கிறது. ஒருவர் மற்றொருவரை முந்துகிறார்; முந்தப்பட்டவர் மீண்டும் முந்துகிறார். யாரும் பந்தயம் என்று அறிவிக்கவில்லை. எனினும் பந்தயம் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் உப்பளத்திற்குச் செல்லும் ஒருவர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையின் குறுக்கே வரக்கூடும்.

மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. எதிரே ஆள் வருவதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அடைய ஒரு நொடி ஆகுமெனில், விரைவு சற்றும் குறையாமலேயே 28 மீட்டர் கழிந்துவிடும். விரைவு இருமடங்கானால் பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தொலைவு நான்கு மடங்காகும். பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலைத் திறந்தவர் எவரும் போட்டுப்பார்க்கக்கூடிய கணக்கு இது. கணக்கு தெரிந்தவரும் சாலையில் அதை மறந்துவிடுகிறார் என்பதே துயரம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. மாநில அரசின் எழுத்துமூல ஒப்புதலின்றிப் பொது இடத்தில் வண்டிப் பந்தயம் நடத்துவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் அவருடைய பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் மூன்றாண்டு வரையிலான சிறைத்தண்டனைக்கும் 25,000 ரூபாய் தண்டத்திற்கும் உள்ளாக நேரும். ஓட்டியவருக்கோ இருபத்தைந்து வயது வரையில் உரிமம் கிடையாது. இத்தனைக்குப் பின்னும் சாலைப்பந்தயம் ஒழிந்தபாடில்லை. தண்டனை, ‘இங்கே ஓட்டாதே’ என்று சொல்கிறது, ‘எங்கே ஓட்டுவது?’ என்னும் வினாவுக்கு அது விடை சொல்வதில்லை. அவ்வினாவுக்கான விடையைத் தேடுவோர் மரக்காணத்து உப்பைப் பின்தொடர்ந்து ஈராயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்வது நல்லது.

உமணர் வண்டி

சங்ககாலத்தில் இப்பகுதி ஓய்மாநாடு எனப்பட்டது. அதனை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம் என்னும் கடற்கரை ஊரைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி, உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுசென்று நெல்லுக்கு மாற்றிய வணிகரே உமணர்.

உமணர் தனியே செல்லவில்லை. வழிப்பறியும் வறட்சியும் மிகுந்த நெடுவழியில் வண்டி வரிசையாகக் குடும்பத்தோடு சென்றனர். பெரும்பாணாற்றுப்படை அவ்வரிசையைக் கண்முன் நிறுத்துகிறது. குழந்தையை உடைய பெண் எருதுகளை ஓட்டுகிறாள். ஆடவர் வண்டியை ஒட்டி நடந்து அதற்கு ஊறு நேராதபடி காத்துவருகின்றனர். களைத்த எருதுக்கு மாற்றாக வேறு எருதுகளும் உடன் வருகின்றன. சிறுபாணாற்றுப்படையிலோ உமணரின் பிள்ளைகளோடு அவர்கள் வளர்த்த மந்தியும் விளையாடுகிறது. ஒரு குடும்பம் முழுவதும் ஒரு வண்டியை நகர்த்தும் பணியில் ஈடுபட்டிருக்கிறது. அப்பணியில் பெண்ணின் இடம் வண்டிக்குள் அமர்ந்து வருவதன்று, அதை ஓட்டுவது. இக்காலத்தில் மகள் மகிழுந்தின் பானெட்டைத் திறந்து பார்த்தாலே ‘உனக்கெதற்கு?’ என்று கேட்கும் வீடுகள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

உமணர் செய்த மற்றொன்றும் உண்டு. அவர்கள் வண்டியின் அடியில் கூடுதலாக ஓர் அச்சினைக் கட்டிவைத்தனர். அதன் பெயர் சேம அச்சு. பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ அச்சு முறிந்தால், பாலைவழியில் தச்சரைத் தேடி எங்கே போவது? முறியும் முன்பே முறிவை எண்ணிப் பார்த்தவர்கள் அவர்கள். அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழவந்த ஔவையார் புறநானூற்றில் அவனைச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். விரைந்து செல்லும் குதிரையும் வலிய களிறும் உவமைக்குக் கிடைக்கும் காலத்தில், வண்டியின் அடியில் புழுதி படிந்து தொங்கும் மரத்துண்டு ஒன்றை அரசிளங்குமரனுக்கு உவமையாக்கினார் அவர். இதைவிடத் துணிவான பாராட்டு அரிது.

இருபத்து நான்கு மணிநேரம்

பந்தயம் என்றதும் நினைவுக்கு வருவது சில நிமிடங்களில் முடியும் விரைவோட்டம். மகிழுந்துப் பந்தயத்தில் அதற்கு நேரெதிரான வகை ஒன்றும் உண்டு. பிரான்சு நாட்டின் லெ மான்ஸ் நகரில் 1923-ஆம் ஆண்டு மே மாதம் இருபத்து நான்கு மணிநேரப் பந்தயம் முதன்முதலில் நடந்தது. 33 வண்டிகள் புறப்பட்டன; 30 வண்டிகள் இறுதிவரை ஓடின. வென்ற வண்டி கடந்த தொலைவு ஏறத்தாழ 2,209 கிலோமீட்டர்; அதாவது மணிக்குச் சராசரி 92 கிலோமீட்டர். இன்று ஒரு சிறிய மகிழுந்து நெடுஞ்சாலையில் எளிதாக எட்டும் விரைவு இது. ஆனால் இரவும் மழையும் கடந்து ஒரு பகலிரவு முழுதும் அவ்விரைவைக் குலையாமல் வைத்திருந்ததுதான் வெற்றி. தொடக்க ஆண்டுகளில் அப்பந்தயத்தில் ஒரு விதி இருந்தது. வழியில் பழுது நேர்ந்தால், வண்டியிலேயே உடன்கொண்டுவந்த கருவிகளையும் உதிரிப்பாகங்களையும் கொண்டு ஓட்டுநரே அதைச் சரிசெய்ய வேண்டும். ஐரோப்பியர் விதியாக எழுதி வைத்ததை உமணர் தொழிலாகவே செய்திருந்தனர்.

காலப்போக்கில் லெ மான்ஸ் பெருநிறுவனங்களின் களமாயிற்று. எளியவர்க்கு அங்கே இடமில்லாமற்போகவே, 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜே லாம் என்பவர் அதைக் கேலிசெய்யும் பெயரில் மற்றொரு பந்தயத்தைத் தொடங்கினார். ஓயாது பழுதாகும் வண்டியை ஆங்கில வழக்கில் எலுமிச்சம்பழம் என்பர். அதன்படி ‘லெமன்ஸ் 24 மணிநேரம்’ எனப் பெயர் அமைந்தது. விதி எளியது: போட்டியிடும் மகிழுந்தின் விலை 500 டாலரைத் தாண்டக்கூடாது. அக்கால மதிப்பில் அது இருபதாயிரம் ரூபாய்க்குச் சற்றே மேல். பந்தய உரிமம் இல்லாதவரும் ஓட்டலாம். பலர் அணியாகச் சேர்ந்து மாறிமாறி ஓட்டவேண்டும். பெரும்பாலும் வாரஇறுதியின் இரு பகல்களில் நடக்கும் இப்பந்தயத்தில் மிகுதியான சுற்றுகளை முடித்த வண்டிக்கு முதலிடம். ஆயினும் அங்கே பெரிதாக மதிக்கப்படும் பரிசு அதற்கு அன்று. ‘இது ஓடவே ஓடாது’ என்று எல்லாரும் கைவிட்ட வண்டியை நெடுந்தொலைவு ஓடவைத்த அணிக்கே அது செல்கிறது. பரிசுப்பணத்தைக்கூடச் சில்லறைக் காசுகளாக மூட்டைகட்டிக் கொடுத்து நகைப்பை மூட்டியதுண்டு. தடத்தில் பிறரை இடித்துத் தள்ளுவோர் உடனே வெளியே அழைக்கப்பட்டு, எல்லாரும் சிரிக்கும்படியான தண்டனை பெறுவர். வீரம் காட்டுவோரை வெட்கப்பட வைப்பது தண்டம் விதிப்பதைவிட நன்றாக வேலைசெய்கிறது போலும்.

இப்பந்தயங்களில் குடும்பங்கள் அணியாக இறங்குவது இயல்பு. தந்தை ஓட்டுகிறார், மகள் கைக்கடிகாரம் பார்த்துச் சுற்றுக்கணக்கை எழுதுகிறாள், தாய் எரிபொருள் எத்தனை மணிநேரம் தாங்கும் என்று கணிக்கிறார், மாமன் வண்டிக்கடியில் படுத்திருக்கிறார். இரண்டு மணிநேரம் கழித்து மகள் தலைக்கவசம் அணிகிறாள். தந்தை கணக்கேட்டைக் கையில் எடுக்கிறார். குடும்பத்திற்குள் யார் பெரியவர் என்பது இரண்டு மணிநேரத்திற்கு ஒருமுறை மாறும் இடம் வேறு எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

இத்தகைய பந்தயத்தில் வெல்வது எது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். ஒரு தடத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டரை நிமிடம் ஆகிறது எனக் கொள்க. விரட்டி ஓட்டியதால் ஒரு வண்டியின் ரேடியேட்டர் நீர் கொதித்து, அது இருபது நிமிடம் நின்றுவிடுகிறது. இழப்பு எட்டுச் சுற்றுகள். அதன்பின் அந்த ஓட்டுநர் மற்றவரைவிடச் சுற்றுக்கு மூன்று நொடி விரைவாக ஓட்டுகிறார் என்றே வைத்துக்கொண்டாலும், இழந்த 1,200 நொடிகளை ஈடுசெய்ய 400 சுற்றுகள் வேண்டும். அதற்குப் பதினாறு மணிநேரத்திற்கு மேல் ஆகும். பந்தயமோ அதற்குள் முடிந்துவிட்டிருக்கும். வெப்பமானியின் முள் ஏறுவதைக் கண்டு காலைச் சற்றே தளர்த்தியவர், பிரேக் கட்டைகள் தேய்வதை ஒலியிலேயே அறிந்து வளைவுக்கு முன்னரே விரைவைக் குறைத்தவர், கியரை மாற்றும்போது கிளட்சை வதைக்காதவர் ஆகியோரே மாலையில் முன்னிலையில் இருப்பர். சாலைப்பந்தயம் இளைஞனுக்குக் கற்றுத்தருவது ஒன்றே: பிறரை முந்துவது. நெடுநேரப் பந்தயமோ இயந்திரத்தின் வலியை உணரக் கற்றுத்தருகிறது. அதை உணர்ந்தவன் சாலையில் வேறுவகையாகவே வண்டி ஓட்டுவான்.

தெரிந்து தெளிவோம்

உப்பும் விரைவும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பான்வில் உப்புவெளி, வண்டிகளின் விரைவுச் சாதனைகளுக்குப் பெயர்பெற்றது. நியூசிலாந்தின் பர்ட் மன்றோ, 1920-ஆம் ஆண்டில் உருவான ‘இந்தியன்’ என்னும் பெயருடைய மோட்டார் சைக்கிளை நாற்பதாண்டுகளுக்கு மேலாகத் தம் கையாலேயே மாற்றியமைத்து வந்தார். அதன் பிஸ்டன்களையும் தாமே வார்த்தார். 1967-ஆம் ஆண்டு, தம் 68-ஆம் வயதில், அவ்வண்டியை அங்கு மணிக்கு ஏறத்தாழ 296 கிலோமீட்டர் விரைவில் ஓட்டிச் சாதனை படைத்தார்.

சோழவரம் தந்த பாடம்

எளிய வண்டிகளைக் கொண்டு பந்தயம் நடத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று போருக்குப்பின் கேட்பாரற்றுக் கிடந்தது. 1953-இல் தோன்றிய மதராசு மோட்டார் விளையாட்டுக் கழகம் அதைப் பந்தயத்தடமாக்கியது. அக்காலத்தில் இந்தியாவில் கிடைத்த மகிழுந்து வகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஃபியட், அம்பாசிடர், சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றையே பிரித்து, மாற்றி, மீண்டும் பூட்டி ஓட்டினர். இறக்குமதிக்குத் தடையிருந்த காலமாதலால் கடையில் வாங்க முடியாததைப் பட்டறையில் செய்தனர். வறுமை கற்றுத்தந்த பொறியியல் என்று அதைச் சொல்லலாம். எனினும் அந்தப் பட்டறைகளின் உரிமையாளர் பலர் வறியவரல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த மரபிலிருந்து எழுந்தவர் கோவையின் எஸ். கரிவரதன். ஆலைத்தொழிற் குடும்பத்தில் பிறந்த அவர் நினைத்திருந்தால் தமக்கென விலையுயர்ந்த வண்டிகளோடு நிறைவடைந்திருக்கலாம். அவர் செய்தது வேறு. 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800 என்னும் சிறிய மகிழுந்து அதற்குள் இந்திய நடுத்தரக் குடும்பங்களின் வண்டியாகியிருந்தது. அதன் 796 கனசென்டிமீட்டர் இயந்திரத்தை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயவண்டி ஒன்றை வடிவமைத்தார். 1980-களின் இறுதியில் ‘பார்முலா மாருதி’ என்னும் பெயரில் அது தடத்திற்கு வந்தது. எல்லாரும் ஒரேவகை வண்டியை ஓட்டுவதால் பணத்தின் வேறுபாடு குறைந்து, ஓட்டுநரின் திறம் வெளிப்பட்டது. 1990-இல் சோழவரத்திற்கு மாற்றாகத் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் புதிய தடம் அமைந்தது. அங்கே பார்முலா மாருதியில் தம் முதல் பந்தயத்தை ஓட்டிய சிறுவர்தாம் 2005-ஆம் ஆண்டு பார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன். அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலிப் பந்தயத்தை ஏழுமுறை வென்றவர். 2012-இல் லெ மான்ஸ் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான கருண் சந்தோக்கின் பாட்டனார் இந்து சந்தோக், மதராசு மோட்டார் விளையாட்டுக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர். பந்தயக்கலை இங்கும் குடும்பம் வழியாகவே கைமாறியிருக்கிறது என்பதற்கு இவை சான்று. கரிவரதன் 1995-இல் வான்விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத்தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கரிவரதனின் வண்டி குறுந்தொலைவுப் பந்தயத்திற்கு உரியது. நெடுநேரப் பந்தயத்திற்கு அன்று. ஆனால் மலிவான இயந்திரம் ஒன்று கதவைத் திறந்துவிட்டால் யார் யார் உள்ளே வருவர் என்பதை அவர் காட்டிச்சென்றார். அக்கதவு இப்போது பெரிதும் மூடிக்கிடக்கிறது. 2025 சனவரியில் துபாயில் நடந்த 24 மணிநேரப் பந்தயத்தில், பயிற்சியின்போது நேர்ந்த விபத்தையும் கடந்து, நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. தமிழ்நாடே மகிழ்ந்தது, நெடுநேரப் பந்தயம் என்ற ஒன்று இருப்பதையே பலர் அன்றுதான் அறிந்தனர். பாராட்டத்தக்க உழைப்பு அது. ஆனால் அங்கே ஓடியது போர்ஷே வண்டி. அதைத் தொலைக்காட்சியில் கண்டு கைதட்டிய இளைஞன் மறுநாள் என்ன செய்வான்? போர்ஷே வாங்க முடியாது. கையில் இருசக்கர வண்டி இருக்கிறது. வாசலில் கிழக்குக் கடற்கரைச் சாலை கிடக்கிறது.

மறுப்புகள்

மலிவுவண்டிப் பந்தயத்தை எதிர்ப்போர் கூறும் காரணங்களைப் புறந்தள்ளிவிட முடியாது. எரிபொருளை வீணாக எரிப்பதா என்பது முதல் மறுப்பு. எரியும் எரிபொருள் மெய்தான், புகையும் மெய்தான். பறவைகள் சரணாலயமாக 2021-இல் அறிவிக்கப்பட்ட கழுவெளியின் கரையில் அத்தகைய தடமொன்றை அமைக்கவேண்டும் என்று எவரேனும் கேட்டால், கூடாது என்பதே விடை. தடங்கள் இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிபாளையத்திலும் ஏற்கெனவே உள்ளன. புதிதாக ஓரடி நிலமும் தேவையில்லை. மேலும் நெடுநேரப் பந்தயத்தில் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுபவரே குறைந்தமுறை நிற்பார். செட்டிபாளையத்தில் பொறியியல் மாணவர்களுக்காக நடைபெறும் ‘பார்முலா பாரத்’ போட்டியில் 22 கிலோமீட்டர் நெடியோட்டம் ஒரு பகுதி. மாணவர் தாமே வடிவமைத்த வண்டி, இடையில் ஓட்டுநர் மாறி, அத்தொலைவை முடிக்கவேண்டும். சிக்கனத்திற்கும் மதிப்பெண் உண்டு. மின்வண்டிகளுக்குத் தனிப்பிரிவும் உண்டு. ‘பாகா’ என்னும் மற்றொரு மாணவர் போட்டியிலும் கரடுமுரடான தடத்தில் நான்கு மணிநேரம் ஓடும் பகுதியே உச்சமாக அமைகிறது. மாணவர் கைகள் செய்த வண்டியில் எத்தனை அச்சுகள் முறிகின்றன என்பது அன்று தெரிந்துவிடும்.

மலிவான வண்டி உயிருக்குக் கேடு என்பது இரண்டாம் மறுப்பு. இதற்கு லெமன்ஸ் பந்தயத்தின் விதியிலேயே விடை இருக்கிறது. 500 டாலர் என்ற வரம்பு வண்டிக்கு மட்டுந்தான். உருண்டாலும் நசுங்காதபடி உள்ளே பொருத்தும் இரும்புக்கூண்டு, பந்தய இருக்கை, வார்ப்பட்டைகள், பிரேக், டயர் ஆகியவற்றின் விலை அவ்வரம்பில் சேராது; அவற்றில் எவ்வளவு செலவிட்டாலும் தவறில்லை. காப்புக் கருவிகளில் குறையிருந்தால் வண்டி தடத்திற்குள்ளேயே வரமுடியாது. 1955-இல் லெ மான்ஸில் ஒரு வண்டி பார்வையாளர் பகுதிக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பந்தயம் ஆபத்தற்றது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆயினும் எல்லாரும் ஒரே திசையில் செல்லும் தடத்தையும், மீட்புவண்டி காத்துநிற்கும் ஓரத்தையும், கொடியசைத்து எச்சரிக்கும் காவலரையும், உப்புக்கூடையோடு பெண்கள் கடக்கும் சாலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்பளிக்க வேண்டும்.

மூன்றாம் மறுப்பு யாரும் உரக்கச் சொல்லாதது; ஆனால் வலியது. பழைய மாருதி ஒன்றின் விலைகூட உப்பளத் தொழிலாளிக்குப் பெரும்பணம். அவர் பிள்ளைக்கு இந்தப் பந்தயத்தில் என்ன இருக்கிறது? ஒரு குடும்பத்தால் இயலாததை ஒரு பள்ளியோ தொழிற்பயிற்சி நிலையமோ ஊரோ சேர்ந்து செய்யலாம் என்பது பாதி விடைதான். மீதிப் பாதி, யாரைத் திறமைசாலி என்று அழைப்பது என்பதைச் சார்ந்திருக்கிறது. ‘படிக்காவிட்டால் மெக்கானிக் கடைக்குத்தான் போகவேண்டும்’ என்பது தமிழ்வீடுகளில் பிள்ளைகளை அச்சுறுத்தப் பயன்படும் தொடர். உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் மரக்காணத்தில், உவர்நீர் இறைக்கும் டீசல் இயந்திரத்தைப் பருவம் முழுதும் ஓடவைப்பவர்கள் இருக்கிறார்கள். பதினைந்து ஆண்டுப் பழைய மொபெட்டில் இரண்டு மூட்டை உப்பை ஏற்றி, சங்கிலி அறாமல் ஊர் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இயந்திரத்தின் ஒலியில் உண்டாகும் சிறு மாறுதலைக் கேட்டே என்ன பழுது என்று சொல்லும் அவர்களுக்கு இத்திறம் மதிப்பெண்ணாகவோ பட்டமாகவோ வந்ததில்லை. நெடுநேரப் பந்தயம் அத்திறத்தை எல்லார் முன்னிலையிலும் அளந்துகாட்டும். உலகில் ஓட்டுநரோடு பழுதுபார்ப்பவரும் மேடையேறும் விளையாட்டுகள் மிகச்சிலவே.

செய்யத்தக்கது

இதற்கு அரசு கோடிகளைக் கொட்டவேண்டியதில்லை. இருக்கும் தடங்களில் ஆண்டுக்குச் சில நாள்களை எளியவர்க்கு ஒதுக்கினால் போதும். வண்டியின் விலைக்கு ஓர் உச்சவரம்பும், காப்புக் கருவிகளுக்கு ஒரு கீழ்வரம்பும் விதிக்கலாம். இரும்புக்கூண்டு, தலைக்கவசம் முதலியவற்றைத் தொழிற்பயிற்சி நிலையங்கள் வாங்கிவைத்து வாடகையின்றி வழங்கலாம். அணியில் பழுதுபார்ப்பவர், கணக்கெழுதுபவர், ஓட்டுபவர் ஆகிய எல்லாருக்கும் ஒரே பதக்கம் என்று வைக்கலாம். உரிமம் பெறும் வயதை எட்டாத பிள்ளைகள் ஓட்டமுடியாது. ஆனால் திருகுசாவியும் கடிகாரமும் பிடிக்க வயதுவரம்பு ஏது? அணியில் பெண்கள் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்றும் விதிக்கலாம். பெரும்பாணாற்றுப்படை காலத்திலேயே வண்டி ஓட்டியவர்களுக்கு இது சலுகையாகாது. சாலைப்பந்தயத்தில் பிடிபட்ட இளைஞர்க்குத் தண்டத்தோடு கூடுதலாக ஒரு கடமையும் தரலாம்: ஒரு நாள் முழுதும் இப்பந்தயத்தில் ஏதேனும் ஓர் அணியின் டயர்களை மாற்றித் தரவேண்டும். ஒருவேளை அவர் மறு ஆண்டு தம் வீட்டாரோடு திரும்பிவரக்கூடும்.

ஐப்பசி மழைக்கு முன் மரக்காணத்துக் குவியல்கள் கரையத் தொடங்கிவிடக்கூடாது என்று உப்பு மூட்டைகள் லாரிகளில் விரைந்து ஏறுகின்றன. ஏற்றி முடிந்ததும் ஓட்டுநர் வண்டியைச் சுற்றிவந்து, ஒவ்வொரு டயரையும் இரும்புக்கம்பியால் தட்டி ஒலி கேட்கிறார். பின்புறம் குனிந்து, அடிச்சட்டத்தின் கீழே தொங்கும் மாற்றுச்சக்கரத்தையும் ஒருமுறை தட்டுகிறார். உமணர் சேம அச்சைக் கட்டிவைத்ததும் வண்டியின் அதே அடிப்புறத்தில்தான். தார்ப்பாய் இழுத்துக் கட்டப்படுகிறது. லாரி கிழக்குக் கடற்கரைச் சாலையைக் குறுக்கே கடந்து திண்டிவனம் நோக்கித் திரும்புகிறது.